ஒன்றும் நடக்காத வருஷத்தின் சாட்சி

எங்கள் சபையில் வருஷக் கடைசி ஆராதனையில் சாட்சி சொல்ல நேரம் கொடுப்பார்கள். மகனுக்குக் கிடைத்த வேலை, நல்லபடியாக முடிந்த கல்யாணம், பிழைக்க மாட்டார் என்று டாக்டர் கைவிட்ட மாமா எழுந்து நடந்தது, பாதியில் நின்றுபோன வீடு பால் காய்ச்சும் அளவுக்கு வந்தது என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். சில வருஷங்களுக்கு முன்பு அப்படி ஓர் இரவில், லோடு ஆட்டோ ஓட்டுகிற அண்ணாச்சி ஒருவர் கடைசி வரிசையிலிருந்து எழுந்து வந்தார். மைக் பிடித்துப் பழக்கமில்லாதவர். "எனக்கு இந்த வருசம் ஒண்ணும் நடக்கல. மூத்தவனுக்கு வேல கெடைக்கல. வீட்டுக்காரிக்கு சுகமில்லாதது அப்படியேதான் இருக்கு. கடனும் அடையல. ஆனாலும் நான் ஆண்டவரோட பிள்ளதான். அதச் சொல்லணும்னு இருந்துச்சு. ஸ்தோத்திரம்." அவ்வளவுதான். மைக்கைக் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு சாட்சிக்கும் ஆமென், அல்லேலூயா என்று எழும் சத்தம் அன்றைக்கு எழவில்லை. கீபோர்டு வாசிக்கிற பையன் ஐயரை, அதாவது எங்கள் சபைப் போதகரைப் பார்த்தான். ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஒரு பல்லவியைப் பாடச் சொன்னார்.

ஆராதனை முடிந்து வெளியே கேக்கும் டீயும் கொடுக்கும்போது அதுதான் பேச்சு. மனுஷன் ரொம்ப உடைந்துபோயிருக்கிறார் என்றார் ஒருவர். இதை ஜெபக் குறிப்பாகச் சொல்லலாம், சாட்சியாகச் சொல்லலாமா என்று கேட்டார் இன்னொருவர். விசுவாசம் தளர்ந்துவிட்டது, ஐயர் ஒரு தடவை வீடு சந்திப்புக்குப் போய் வர வேண்டும் என்றார்கள். எல்லாரும் நல்லெண்ணத்தில்தான் பேசினார்கள். ஆனால் எனக்கு அது ஒட்டவே இல்லை. அன்று சொல்லப்பட்ட சாட்சிகளில் முழுமையான சாட்சி அதுதான் என்று எனக்குத் தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. பிறகு ஒரு நாள் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு இறக்க வந்தவரிடம் நேரடியாகவே கேட்டேன். வண்டியின் பின்கதவைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "டீச்சர், நான் கஷ்டத்தச் சொல்ல வரல. கடைசியாச் சொன்னேன் பாத்தீங்களா, அத மட்டுந்தான் சொல்ல வந்தேன். ஆனா மத்ததச் சொல்லாம அத மட்டும் சொன்னா, எல்லாம் நல்லா நடந்துட்டு, அதனால சொல்லுதான்னு ஆயிரும்லா."

அவர் சொன்னதை இன்றுவரை நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கவரில் எழுதும் காரணம்

ஆண்டவருக்கு நன்றியாகப் போடுகிற ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெயர், தொகை, அப்புறம் காரணம் எழுத ஓர் இடம். ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புகளோடு அதை வாசிப்பார்கள். மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியதற்காக, பேரன் பத்திரமாக வெளிநாடு போய்ச் சேர்ந்ததற்காக, விபத்திலிருந்து காத்துக்கொண்டதற்காக. சின்ன வயதிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்தவள் நான். இதில் தவறு ஒன்றும் இல்லை. நன்மை பெற்றவன் திரும்பி வந்து நன்றி சொல்லாமல் போவதுதான் தவறு. இயேசு சுகமாக்கிய பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவன்தானே திரும்பி வந்தான்? ஆனால் வாராவாரம், வருஷக்கணக்காக இதையே கேட்டுக்கொண்டிருக்கும்போது கேட்கிறவனின் மனதில் இன்னொரு கணக்கும் சேர்ந்தே எழுதப்படுகிறது. வேலை கிடைத்தவன் வீட்டில் ஆண்டவர் இருக்கிறார். கிடைக்காதவன் வீட்டில்? இதை யாரும் பிரசங்கம் செய்வதில்லை. யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. பையன் நீட் தேர்வில் தேறவில்லை என்றதும் இரண்டு மூன்று வாரம் ஆராதனைக்கே வராத குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளை இல்லாத தம்பதிகள் ஞானஸ்நான ஆராதனை இருக்கிற ஞாயிற்றுக்கிழமை பார்த்து வெளியூர் போய்விடுவதையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஆண்டவரோடு கோபித்துக்கொண்டு போகவில்லை. ஆண்டவர் தங்களோடு கோபமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். எனக்கு வலிப்பது அதுதான்.

காரின் பின்கண்ணாடியில் "இயேசுவின் பரிசு" என்று ஒட்டுகிறோம். வீட்டு முகப்பில் எபெனேசர் என்றோ யேகோவாயீரே என்றோ கல்லில் பொறிக்கிறோம். நன்றியோடுதான் செய்கிறோம். அதே தெருவில் வாடகை வீட்டில் இருக்கிற, பஸ்ஸில் போகிற இன்னொரு விசுவாசி அதை வாசித்துக்கொண்டுதான் தினமும் கடந்துபோகிறான். ஜனவரி முதல் தேதி, அந்த வருஷத்துக்கு ஆண்டவர் தருகிற வாக்கு என்று வாக்குத்தத்த அட்டை எடுக்கும்போது அவனுக்கும் ஒரு வசனம் வருகிறது. டிசம்பரில் அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவன் என்ன நினைப்பான் என்று நாம் கேட்பதில்லை.

நதிக்கரைக்கும் வனாந்தரத்துக்கும் நடுவே

மத்தேயு 3ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தை ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடமாகவே சொல்வோம். "இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்." யோர்தானில் ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறும்போது வானத்திலிருந்து வந்த சத்தம். அதுவரை இயேசு என்ன செய்திருந்தார் என்று நான்கு சுவிசேஷங்களையும் தேடிப் பார்த்தால், அநேகமாக ஒன்றும் கிடைக்காது. பன்னிரண்டு வயதில் தேவாலயத்தில் போதகர்களோடு பேசிக்கொண்டிருந்தது ஒன்றுதான். அப்புறம் நாசரேத்தில் தச்சு வேலை. கானாவூர்க் கல்யாணத்துத் திராட்சரசம் பிறகுதான் வருகிறது. குருடர் பார்த்தது, ஐயாயிரம் பேர் சாப்பிட்டது, லாசரு எழுந்தது எல்லாமே பிறகுதான். கவரில் எழுதுவதற்கு ஒரு காரணமும் இல்லாத முப்பது வருஷத்தின் முடிவில் பிதா சொல்கிறார், பிரியமாயிருக்கிறேன் என்று. ஊழியத்துக்குக் கிடைத்த பாராட்டு அல்ல அது. ஊழியமே அதிலிருந்துதான் தொடங்குகிறது.

அதிகாரம் மாறுகிற இடத்தில் நாம் நிறுத்திவிடுவதால் அடுத்து வருவதைச் சேர்த்துப் படிப்பதில்லை. அந்தச் சத்தம் கேட்டவுடனே வனாந்தரம். நாற்பது நாள் பசி. சோதனைக்காரன் வாயைத் திறந்ததும் என்ன சொல்கிறான்? "நீர் தேவனுடைய குமாரனேயானால், இந்தக் கல்லுகள் அப்பங்களாகும்படி சொல்லும்." பசியைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை. குமாரன்தானா, அப்படியானால் நிரூபி, எதையாவது நடத்திக் காட்டு. அவனுக்கு வேண்டியது அதுதான். இயேசு ஒரு கல்லையும் அப்பமாக்கவில்லை. பசியோடேயே குமாரனாக இருந்தார். சிலுவையின் கீழே நின்றவர்களும் அதையே கேட்டார்கள், தேவனுடைய குமாரனானால் இறங்கி வா என்று. இறங்கவில்லை. அன்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்த்தவர்களுக்கு, ஒன்றும் நடக்காத ஒரு வாழ்க்கை முடிந்ததாகத்தான் தெரிந்திருக்கும்.

அந்த வருஷக் கடைசி இரவில் எங்கள் அண்ணாச்சியும் இதைத்தான் செய்தார் என்று நினைக்கிறேன். நிரூபித்துக் காட்டு என்று எல்லாரும் எதிர்பார்க்கிற இடத்தில் எழுந்து நின்று, நிரூபிக்க மாட்டேன், ஆனால் பிள்ளைதான் என்று சொன்னார்.

இதை வேறு விதத்தில் வாழ்ந்து காட்டிய ஊர் ஒன்று எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. டோனாவூர். களக்காட்டுப் பக்கம், மலையடிவாரத்தில். வட அயர்லாந்திலிருந்து 1895இல் இந்தியாவுக்கு வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரிடம், 1901இல் கோயிலிலிருந்து தப்பி ஓடிவந்த ஒரு சிறுமி வந்து சேர்ந்தாள். அதிலிருந்துதான் தொடங்கியது. தேவதாசிகளாகக் கோயிலுக்கு விடப்பட இருந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், ராத்திரியில் யாரோ கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போன கைக்குழந்தைகள் என்று நூற்றுக்கணக்கில் பிள்ளைகள் வந்தார்கள். பல பிள்ளைகளுக்குப் பிறந்த தேதி தெரியாது. அதனால் அங்கே பிறந்தநாளுக்குப் பதிலாக, அந்தப் பிள்ளை வந்து சேர்ந்த நாளைக் கொண்டாடினார்கள். பிறந்த வீடு எது, என்ன குலம், யார் தகப்பன் என்பதெல்லாம் தெரியாமலே போகட்டும். நீ எங்களிடம் வந்த நாள் எங்களுக்குத் தெரியும், அந்த நாளைக்கு உனக்குப் பூவும் பாட்டும் உண்டு. ஒரு பிள்ளைக்கு இதைவிட வேறு என்ன சொல்ல வேண்டும்? 1931இல் அம்மையார் தவறி விழுந்தார். அதற்குப் பிறகு 1951இல் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருஷம், பெரும்பாலும் படுக்கையிலும் அந்த அறைக்குள்ளும்தான். ஓடியாடிச் செய்த ஊழியமெல்லாம் நின்றுபோனது. தன் கல்லறைக்குக் கல் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் பறவைகளுக்குத் தண்ணீர்த் தொட்டி ஒன்றை வைத்து, தாங்கள் அவரைக் கூப்பிட்ட பெயரை மட்டும் அதில் எழுதினார்கள்.

பேத்திக்காக

இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் வீட்டில் நடந்த ஒன்று புரிந்தது. பல வருஷமாக அதைப் பற்றி நாங்கள் யாரும் பேசியதில்லை.

என் தம்பி மனைவிக்கு ஏழாம் மாதத்திலேயே வலி வந்துவிட்டது. பெண் குழந்தை. உள்ளங்கையில் வைத்தால் மிச்சம் இடம் இருக்கும் என்று தம்பி சொன்னான். கண்ணாடிப் பெட்டிக்குள் வயர்களுக்கு நடுவில் வைத்திருந்தார்கள். நுரையீரல் தாங்காது என்று டாக்டர் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவன் அழவில்லை, நேரே அம்மாவிடம் வந்து, "ஐயரைக் கூப்பிடணும்மா" என்றான். ஐயர் வந்தார். உள்ளே ஒருவரைத்தான் விடுவோம் என்றவர்கள், அவர் அங்கியைப் பார்த்ததும் தம்பியையும் சேர்த்து விட்டார்கள். இருவருக்கும் பச்சைக் கவுன், தலையில் தொப்பி, வாயில் முகமூடி. ஐயர் தம் வெள்ளை அங்கிக்கு மேலேயே அதை மாட்டிக்கொண்டார். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார்கள். நர்ஸ் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் சுத்தமான தண்ணீரும் ஒரு பஞ்சு உருண்டையும் கொடுத்தாராம். பெட்டியின் பக்கவாட்டில் கை நுழைக்க இருக்கிற வட்டமான துவாரம் வழியாக ஐயர் கையை விட்டு, "பேர்?" என்று கேட்டார். அதுவரை பேரைப் பற்றி யாரும் யோசிக்கவே இல்லை. வளைகாப்புகூட நடக்கவில்லை. தம்பி சட்டென்று எங்கள் பாட்டி பேரைச் சொன்னான். பஞ்சை நனைத்து நெற்றியில் வைத்து, அந்தப் பேரைச் சொல்லி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன் என்றார். கண்ணாடிக்கு வெளியே நின்ற எங்களுக்குச் சத்தம் கேட்கவில்லை, வாய் அசைவதுகூட முகமூடிக்குள் தெரியவில்லை. குழந்தை கண் திறக்கவே இல்லை.

மறுநாள் விடியற்காலையில் போய்விட்டது. அடக்கம் முடிந்தது. ஞானஸ்நானப் பதிவேட்டில் பேர் எழுதினார்கள், அடக்கப் பதிவேட்டிலும் எழுதினார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு நாள்கூட முழுதாக இல்லை.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா ஸ்தோத்திரக் காணிக்கை போட்டார்கள். எங்களில் யாரிடமும் சொல்லவில்லை. அறிவிப்பு வாசிக்கும்போதுதான் எங்களுக்கே தெரியும். வேலை கிடைத்ததற்காக, சுகம் கிடைத்ததற்காக என்று வரிசையாக வாசித்துக்கொண்டு வந்தவர், அம்மாவின் பேரையும் ஐந்நூறு ரூபாய் என்பதையும் சொல்லிவிட்டு, காரணம் எழுதிய இடத்தில் ஒரு கணம் நின்று, "பேத்திக்காக" என்று வாசித்தார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். நடந்தது தெரியாத இரண்டு பேர் ஆராதனை முடிந்ததும் வாசலில் வந்து, பேத்தி பிறந்திருக்காளா, எத்தனை கிலோ என்று அம்மாவிடம் சந்தோஷமாகக் கேட்டார்கள். எனக்குக் கைகால் நடுங்கியது. அம்மா நிதானமாக, "ஆமா, பேத்திதான். கர்த்தர்ட்ட இருக்கா" என்றார்கள். கேட்டவர்களுக்கு முகம் செத்துவிட்டது. அம்மா அவர்கள் கையைப் பிடித்து, "ஸ்தோத்திரம் சொல்லாம எப்படிம்மா? நம்ம பிள்ளல்லா" என்றார்கள்.

அம்மாவுக்குத் துக்கத்தில் புத்தி தடுமாறிவிட்டது என்று அன்று நான் பயந்தேன். இன்று அந்தக் கவரை நினைத்தால், வேதபாட வகுப்புகளில் கேட்டதையெல்லாம்விட அதில் அதிகம் இருக்கிறது என்று தோன்றுகிறது. அந்தக் குழந்தை ஒரு மார்க்கும் வாங்கவில்லை. ஒரு வசனமும் மனப்பாடம் செய்யவில்லை. விசுவாசிக்கிறேன் என்று வாய் திறந்து சொல்லவில்லை. அதற்காகச் செய்த ஜெபம், நாங்கள் கேட்ட விதத்தில், கேட்கப்படவும் இல்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், அது பிள்ளையாக இருந்தது, அவ்வளவுதான். அது போதாது என்றால் நம்மில் யாருக்கும் போதாது. ஐம்பது வருஷம் ஆலயத்துக்குப் போய்வந்த எனக்கும், கண் திறக்காத அந்தக் குழந்தைக்கும் ஒரே தண்ணீரில் ஒரே பேரில்தான் ஞானஸ்நானம். "நாம் தேவனுடைய பிள்ளைகளென்று அழைக்கப்படுவதினாலே பிதாவானவர் நமக்குப் பாராட்டின அன்பு எவ்வளவு பெரிதென்று பாருங்கள்" என்று யோவான் தம் முதல் நிருபத்தின் 3ஆம் அதிகாரத்தைத் தொடங்குகிறபோது, நாம் செய்ததைப் பார்க்கச் சொல்லவில்லை. நமக்கு நடந்ததைக்கூடப் பார்க்கச் சொல்லவில்லை.

ஜெபத்துக்குப் பதில் கிடைத்ததைச் சொல்லவே கூடாதா என்று என் சித்தி கேட்டார்கள். சொல்லுங்கள், சத்தமாகவே சொல்லுங்கள். தகப்பன் வாங்கிக் கொடுத்ததைப் பிள்ளை ஊரெல்லாம் காட்டத்தான் செய்யும். வாங்கிக் கொடுத்ததை வைத்துத்தான் அவர் தகப்பனா இல்லையா என்று முடிவு செய்வோம் என்றால்தான் எனக்குச் சண்டை.

இன்னொரு சான்று

ஆனால் இந்த விஷயத்தை ஆறுதலோடு நிறுத்திக்கொள்ள என்னால் முடியவில்லை. நான் தேவனுடைய பிள்ளை, அதற்கு வேறு எந்தச் சான்றும் வேண்டாம் என்றால், யோவான் எழுதிய அதே அதிகாரத்தின் 17ஆம் வசனம் சகோதரனுடைய குறைச்சலைப் பற்றிக் கேட்கிற கேள்வியும் எனக்குத்தான். பிள்ளை என்று முதல் வசனத்தில் வாங்கிக்கொண்டு, சகோதரன் என்கிற இடம் வருமுன் புத்தகத்தை மூடிவைக்க முடியாது. அதைத்தான் தமிழ்த் திருச்சபை நெடுங்காலம் செய்துகொண்டிருக்கிறது. செழிப்பு ஒரு சான்று என்றால், சாதி நாம் கூடவே கொண்டுவந்த இன்னொரு சான்று.

பாளையங்கோட்டையில் 1780இல் எழுதப்பட்ட சபைப் பட்டியலில் இருந்தது நாற்பது பேர். பல சாதிக்காரர்கள். முதல் பேர் குளோரிந்தா அம்மையாருடையது. பிராமண விதவை. ஆங்கில அதிகாரி ஒருவரோடு வாழ்ந்தவர் என்பதால் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயர் முதலில் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778இல்தான் கொடுத்தார். பிறந்த சமூகமும் ஏற்கவில்லை, சபையும் உடனே ஏற்கவில்லை. அந்தப் பெண்தான் நெல்லைத் திருச்சபையின் முதல் பேர். அவர் முன்னின்று கட்டி 1785இல் பிரதிஷ்டை ஆன ஆலயத்தை ஊர் என்னவென்று கூப்பிடுகிறது? பாப்பாத்தியம்மாள் கோயில். 1833இல் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை உடனே விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் சபையை விட்டு வெளியேறியவர்கள் ஏராளம். வடக்கன்குளத்தில் ஒரே பீடத்தை நோக்கி இரண்டு பக்கமும் தனித்தனியாக ஜனங்கள் உட்கார, நடுவில் சுவர் வைத்தே கோயில் கட்டினார்கள். அந்தச் சுவர் பிறகு இடிக்கப்பட்டது, வழக்கு சென்னை உயர்நீதிமன்றம்வரை போனது. கல்லறைத் தோட்டங்களில் இருக்கிற சுவர்களைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை, வாசிக்கிறவர்களுக்கே தெரியும்.

சுவரைவிட எனக்கு வலிக்கிறது இன்றைய கல்யாண விளம்பரங்கள். கர்த்தருக்குப் பயந்த, ஞானஸ்நானம் பெற்ற, திடப்படுத்தல் எடுத்த மணமகன் தேவை என்று ஒரு வரி. அதற்கு முன்னாலேயே சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை, என்று போட்டுப் பக்கத்தில் சாதியின் பேர். தேவனுடைய பிள்ளை என்பது அங்கே போதுமானதாக இல்லை. கூடுதல் சான்று கேட்கிறார்கள். குமாரனேயானால் நிரூபி என்று கேட்டவனுக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இப்போது எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான். என் மகளுக்கு வரன் பார்க்கிறோம். தரகர் அம்மா கொடுத்த படிவத்தில் பேர், படிப்பு, வேலை, சேகரம், ஞானஸ்நானத் தேதி எல்லாம் எழுதினோம். உட்பிரிவு என்கிற கட்டத்தை மட்டும் காலியாக விட்டுக் கொடுத்தோம். மறந்துவிட்டீர்கள் என்று போன் வந்தது. மறக்கவில்லை என்றேன். அதை எழுதினால்தான் நாலு இடத்தில் காட்ட முடியும் டீச்சர், நாளைக்குப் பொண்ணு கஷ்டப்படக்கூடாது என்று அக்கறையோடுதான் சொன்னார். என் கணவரின் அண்ணன் இதனால் எங்களோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். அவர் கோபத்தில் நியாயம் இல்லை என்றாலும் பாசம் இருக்கிறது, அது எனக்குத் தெரியும். வயது கூடிக்கொண்டே போகிறதே என்று ஆலயத்திலும் கேட்கிறார்கள். மகளிடம் உட்கார்ந்து பேசினேன், உனக்காகத்தான் கேட்கிறேன், எழுதிக் கொடுத்துவிடலாமா என்று. வேண்டாம் என்றாள். என்னிடமிருந்த படிவத்தின் நகலை வாங்கி, அந்தக் கட்டத்தில் குறுக்காக ஒரு கோடு போட்டு, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். அதைத்தான் தரகர் அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறோம்.